நூலக அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை நீக்க யாருக்கு அதிகாரம்?

பேசும் உரிமைக்குள் படிக்கும் உரிமையும் அடக்கம். ஒரு கிராமத்து அரசு நூலகத்தில் அந்த உரிமை எதுவரை செல்லும்? நூலகம் எதற்கெல்லாம் விதி போடலாம், எதற்குப் போடக் கூடாது? வில்லியனூர், பாகூர் வாசகர்களுக்கான விளக்கம்.

வில்லியனூர் பக்கம் ஓர் அரசுக் கிளை நூலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஐந்து மணி. நாளிதழ் மேசையைச் சுற்றி நாலைந்து பெரியவர்கள். ஜன்னலோரம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். அப்போது ஒருவர் விறுவிறுவென்று உள்ளே வந்து, நூலகரின் மேசையில் ஒரு நாவலைப் போடுகிறார்.

"என்னா சார் இது? கவர்மென்ட் லைப்ரரியில இதையெல்லாமா வச்சிருப்பீங்க? நம்ம சனங்களைக் கேவலமா எழுதியிருக்கான். இன்னைக்கே எடுத்துடுங்க. இல்லன்னா நாளைக்குப் பத்து பேரோட வருவேன்."

நூலகர் என்ன செய்வார்? அவர் தனி ஆள். துணைக்கு யாரும் இல்லை. மேலதிகாரியைக் கேட்டால் "ஏன் பிரச்சினை, எடுத்து உள்ள வையுங்க" என்ற பதில்தான் வரும் என்று அவருக்குத் தோன்றலாம். புத்தகம் அலமாரியிலிருந்து இழுப்பறைக்குப் போகிறது. அடுத்த வாரம் அதைத் தேடி வரும் மாணவியிடம் "வெளிய போயிருக்கும்மா" என்கிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் நூலக நாற்காலியில் உட்கார்ந்த எவருக்கும் இந்தப் பயம் புரியும். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணம் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டு, சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அந்த நெருப்பை உலகம் பார்த்தது. இழுப்பறைக்குப் போகும் ஒற்றைப் புத்தகத்தை யாரும் பார்ப்பதில்லை. உத்தரவு எதுவும் எழுதப்படாததால், எதிர்த்துக் கேட்கவும் வழி இல்லாமல் போகிறது.

இதில் அதிகம் இழப்பவர் யார்? காசு உள்ளவர் கடையில் வாங்கிக்கொள்வார், ஆன்லைனில் ஆர்டர் போடுவார். நானூறு ரூபாய் கொடுத்து நாவல் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கிளை நூலகம்தான் புத்தகக் கடை. அங்கே இல்லையென்றால், அந்தப் புத்தகம் அவருக்கு இல்லவே இல்லை.

படிக்கிற உரிமைன்னு சட்டத்துல எங்க இருக்கு?

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(ஏ) பிரிவு பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் தருகிறது. 'படிக்கும் உரிமை' என்ற சொல் அதில் கிடையாது. ஆனால் பேசுகிறவருக்குக் கேட்பவர் வேண்டும், எழுதுகிறவருக்கு வாசகர் வேண்டும் என்பதை நீதிமன்றங்கள் ஆரம்பத்திலேயே ஏற்றுக்கொண்டன.

அதற்கு அடித்தளம் போட்ட வழக்கு நம் பக்கத்து மாநிலத்தில் பிறந்தது. பம்பாயிலிருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ், சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று அன்றைய அரசு 1950 மார்ச்சில் உத்தரவிட்டது. இதழின் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். அச்சடிக்க அனுமதித்துவிட்டு வாசகர் கைக்குப் போகாமல் தடுத்தால், கருத்துரிமைக்கு அர்த்தமே இல்லை என்று 1950 மே 26-ல் தீர்ப்பு வந்தது. பிறகு வந்த பல தீர்ப்புகளில், தகவலைப் பெறும் உரிமையும் இதே பிரிவுக்குள் அடங்கும் என்பது உறுதியானது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1908-ல் பாரதியார் இங்கே வந்ததும் 'இந்தியா' வார இதழும் பின்னாலேயே வந்தது. பிரெஞ்சு மண்ணில் அச்சடிப்பதை ஆங்கிலேயரால் நிறுத்த முடியவில்லை. அவர்கள் வேறு வழி பிடித்தார்கள்: இதழ் தங்கள் எல்லைக்குள் வரக் கூடாது என்றார்கள். வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். 1910 மார்ச்சில் 'இந்தியா' நின்றுபோனது. எழுதும் கையைத் தொடாமலேயே ஓர் எழுத்தை நிறுத்திவிடலாம் என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

அப்படின்னா எந்தப் புத்தகத்தையும் தடை செய்யவே முடியாதா?

முடியும். 19(2) பிரிவு எட்டுக் காரணங்களைச் சொல்கிறது: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியமும் ஒழுக்கமும், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல். இவற்றுக்காக, சட்டம் ஒன்றின் மூலமாக, நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். 'எனக்குப் பிடிக்கவில்லை', 'எங்கள் ஊரைத் தப்பாகச் சொல்கிறது' என்பவை இந்தப் பட்டியலில் இல்லை.

ஒரு நூலைப் பறிமுதல் செய்யும் நடைமுறை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 98-வது பிரிவில் இருக்கிறது. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 95-வது பிரிவு.) அதன்படி அரசு அறிவிக்கை வெளியிட வேண்டும். ஏன் இந்த முடிவு என்று காரணமும் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். மூன்று நீதிபதிகள் கொண்ட சிறப்பு அமர்வு அதை விசாரிக்கும்.

2025 ஆகஸ்ட் 5-ல் ஜம்மு காஷ்மீர் உள்துறை 25 நூல்களை இந்தப் பிரிவின் கீழ்தான் பறிமுதல் செய்தது. அந்த முடிவு சரியா தவறா என்று வாதாடலாம். வாதாட முடிவதற்குக் காரணம், அறிவிக்கை, தேதி, காரணம் எல்லாம் காகிதத்தில் இருப்பதுதான். ஜேம்ஸ் லெய்ன் எழுதிய சிவாஜி பற்றிய நூலுக்கு மகாராஷ்டிர அரசு போட்ட தடை இப்படித்தான் நீதிமன்றம் போனது. உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2010-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஆபாசம் என்ற புகாருக்கும் இதே மாதிரி வரையறை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-வது பிரிவு ஆபாச நூல்களை விற்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. ஆனால் இலக்கியம், கலை, அறிவியல், கல்வி ஆகியவற்றின் நலனுக்காக வெளியானது என்று நிரூபிக்கப்பட்ட நூலுக்கு அதே பிரிவு விலக்கு தருகிறது.

ஆக, தடை செய்யும் அதிகாரம் அரசிடமும் நீதிமன்றத்திடமும் இருக்கிறது. கிளை நூலகரிடமோ, ஊர்ப் பெரியவரிடமோ, கட்சி வட்டச் செயலாளரிடமோ, காவல் உதவி ஆய்வாளரிடமோ அது இல்லை.

"பத்து பேரோட வருவேன்"னு மிரட்டினா?

இதற்கும் பதில் நம் நீதிமன்றத்திலேயே இருக்கிறது. 'நம்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: புதுச்சேரிக்குத் தனி உயர் நீதிமன்றம் கிடையாது. சென்னை உயர் நீதிமன்றம்தான் இங்கேயும்.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் 2010-ல் வெளியானது. நான்கு ஆண்டு கழித்து, 2014 டிசம்பரில், திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. 2015 ஜனவரி 12-ல் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய 'அமைதிப் பேச்சுவார்த்தை'யில், மன்னிப்புக் கேட்கவும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறவும் அவர் ஒப்புக்கொள்ளும் நிலை ஏற்பட்டது. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் அறிவித்துவிட்டு அவர் மௌனமானார்.

2016 ஜூலை 5-ல் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கௌல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. அந்தப் பேச்சுவார்த்தை ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்காத புத்தகத்தை மூடி வைத்துவிடலாம், யாரும் படிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை என்பது தீர்ப்பின் சாரம். இப்படிப்பட்ட மோதல் வரும்போது அதிகாரிகள் தாங்களாகவே கட்டப்பஞ்சாயத்து செய்யாமல் இருக்க, இலக்கியமும் கலையும் அறிந்தவர்களைக் கொண்ட நிபுணர் குழுவை அமைக்கும்படி தமிழக அரசுக்குச் சொன்னது.

அதற்கு முன்பே, 1989-ல், 'ஒரே ஒரு கிராமத்திலே' படம் குறித்த ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே திசையில் பேசியிருந்தது. படம் ஓடினால் கலவரம் வரும் என்ற வாதம் வைக்கப்பட்டது. ஊர்வலம் வரும், வன்முறை நடக்கும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை முடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்றது நீதிமன்றம்.

நூலகத்துக்கு இதை எப்படிப் பொருத்துவது? பத்து பேர் வந்து சத்தம் போட்டால், தொந்தரவு செய்கிறவர் அந்தப் பத்து பேர். காவல்துறை பார்க்க வேண்டியது அவர்களை. அலமாரியில் இருக்கும் புத்தகத்தை அல்ல.

வாங்காமலே விட்டுட்டா?

இதுதான் சிக்கலான இடம். எந்த நூலகமும் எல்லாப் புத்தகங்களையும் வாங்க முடியாது. பணம் அளவானது, அலமாரியும் அளவானது. தேர்ந்தெடுப்பது நூலகத்தின் வேலை. 'என் புத்தகத்தை வாங்கியே ஆகணும்' என்று எந்த எழுத்தாளரும் உரிமை கோர முடியாது.

ஆனால் தேர்வுக்கும் வடிகட்டலுக்கும் இடையே ஒரு கோடு இருக்கிறது. 2012 மார்ச் 14-ல் மேற்கு வங்க அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. அரசு நூலகங்களும் அரசு உதவி பெறும் நூலகங்களும் எட்டு நாளிதழ்களை மட்டுமே வாங்கலாம் என்றது. ஐந்து வங்காளம், இரண்டு உருது, ஒன்று இந்தி. அதிகம் விற்கும் வங்காள நாளிதழ்களும் ஆங்கில நாளிதழ்களும் பட்டியலில் இல்லை. கட்சிப் பத்திரிகைகளைத் தவிர்த்து, வாசகர்களிடம் சுதந்திரச் சிந்தனையை வளர்க்கவே இது என்று விளக்கம் சொன்னார்கள். ஆட்சியை விமர்சிக்கும் நாளிதழ்களை வெளியே வைக்கிறார்கள் என்று கடும் எதிர்ப்பு கிளம்பியது. பிறகு பட்டியலில் மேலும் சில நாளிதழ்களைச் சேர்த்தார்கள்.

நாளிதழ் மேசைதான் கிராம நூலகத்தின் இதயம். ஒரே மேசையில் நாலு விதமான தலைப்பைப் பார்க்கிறவர், எதை நம்புவது என்று தானே முடிவு செய்துகொள்வார். எல்லாம் ஒரே குரலில் பேசும் மேசையில் அந்த வாய்ப்பு இல்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982-ல் பள்ளி நூலகம் ஒன்றின் வழக்கில் பயனுள்ள ஒரு கேள்வியைக் கேட்டது: புத்தகத்தை ஏன் எடுத்தீர்கள்? கிழிந்துவிட்டது, பாடத்துக்குப் பொருந்தவில்லை என்றால் சரி. அதில் உள்ள கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக எடுத்தால் தவறு. இந்திய நீதிமன்றங்களை இது கட்டுப்படுத்தாது. என்றாலும் 'ஏன்?' என்ற அந்தக் கேள்வியை நாமும் கேட்கலாம். நூலகவியலின் தந்தை என்று நாம் கொண்டாடும் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து விதிகளின் அக்கறையும் இதுதான்: வாசகர் யாராக இருந்தாலும் அவருக்கான நூல் அவர் கைக்குப் போக வேண்டும்.

அப்போ நூலகம் எதுக்குத்தான் விதி போடலாம்?

நடத்தைக்குப் போடலாம். தாராளமாகப் போடலாம். படிக்கும் கூடத்தில் சத்தமாகப் பேசக் கூடாது. செல்போனில் ஸ்பீக்கர் போடக் கூடாது. புத்தகத்தில் கிறுக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. காலையிலேயே நோட்டை வைத்து இடம் பிடித்துவிட்டு மதியம்வரை வராமல் இருக்கக் கூடாது. குடித்துவிட்டு வரக் கூடாது. மற்றவரை, குறிப்பாகப் பெண்களை, முறைத்துத் தொந்தரவு செய்யக் கூடாது. இவை எல்லாம் மற்ற வாசகரின் உரிமையைக் காக்கும் விதிகள்.

நியூ ஜெர்சியின் மோரிஸ்டவுன் நகரில், வீடற்ற ஒருவரை நூலகத்திலிருந்து வெளியேற்றிய வழக்கு 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்தது. பொது நூலகத்துக்குள் போய்ப் படிப்பது கருத்துரிமையின் பகுதி என்று நீதிமன்றம் ஏற்றது. அதே சமயம் நூலகம் படிப்பதற்கான இடம், எல்லா விதப் பேச்சுக்குமான திடல் அல்ல, அதனால் நடத்தை விதிகள் செல்லும் என்றது.

ஆனால் அமைதி விதியை வைத்து ஆட்களை ஒதுக்க முடியாது. 1964-ல் லூசியானாவின் கிளின்டன் ஊரில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த நூலகத்துக்குள் ஐந்து கறுப்பின இளைஞர்கள் போனார்கள். ஒருவர் ஒரு புத்தகம் கேட்டார். இல்லை என்றதும், போகச் சொல்லியும் போகாமல், சத்தம் போடாமல் அங்கேயே இருந்தார்கள். அமைதியைக் குலைத்ததாகக் கைது செய்தார்கள். 1966-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர் எப்படி அமைதியைக் குலைத்தார்?

நம் ஊருக்கும் இது பொருந்தும். 1827-ல் தொடங்கிய புதுச்சேரி நூலகம், இன்றைய ரோமன் ரோலண்ட் நூலகம், ஆரம்பத்தில் ஐரோப்பியருக்கு மட்டுமே இருந்தது. பின்னர்தான் எல்லோருக்கும் திறந்தது. இன்று, அரசு நிதியில் நடக்கும் பொது இடங்களில் சாதி, மதம், பாலினம், பிறந்த இடம் என்று சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2) பிரிவு. கிளை நூலகமும் அப்படிப்பட்ட இடம்தான்.

கூட்டம் நடத்த இடம் கேட்டால்? கூடமே இல்லை, யாருக்கும் தருவதில்லை என்றால் பிரச்சினை இல்லை. ஒரு அமைப்பின் நூல் வெளியீட்டுக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு அமைப்புக்கு அதன் கருத்துக்காக மறுத்தால், சமத்துவம் பேசும் 14-வது பிரிவு குறுக்கே வரும்.

கம்ப்யூட்டர், வைஃபை விஷயம்?

2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், கல்லூரி விடுதியில் செல்போன் தடையை எதிர்த்த ஒரு மாணவியின் வழக்கில், இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்றது. 2020 ஜனவரி 10-ல், காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையம் வழியாகக் கருத்துச் சொல்வதும் 19(1)(ஏ) பாதுகாப்புக்குள் வரும் என்றது.

நூலகக் கணினியில் நேரக் கட்டுப்பாடு வைக்கலாம். சட்டம் தடுக்கும் ஆபாசத் தளங்களை அடைக்கலாம். பக்கத்திலேயே பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இது தேவையும்கூட. கவனம் வேண்டியது வடிகட்டி மென்பொருளில். மார்பகப் புற்றுநோய் பற்றித் தேடுகிறவரையும் அது சில சமயம் தடுத்துவிடும். 2003-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நூலக வடிகட்டிகளை ஏற்றபோதும், பெரியவர் கேட்டால் அதை எடுத்துவிடலாம் என்ற வசதியைக் கணக்கில் எடுத்துக்கொண்டது.

கணினியில் நீங்கள் எழுதுவதற்கு நீங்களே பொறுப்பு. ஆனால் எதை எழுதினால் குற்றம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 2012 அக்டோபரில், கார்த்தி சிதம்பரம் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை என்பது அப்போது நாடெங்கும் பேச்சானது. 'எரிச்சலூட்டுவது' போன்ற தெளிவில்லாத சொற்களைக் கொண்ட அந்தப் பிரிவை, 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நூலக விதிக்கும் அதுவே பாடம். 'ஆட்சேபகரமானவற்றைப் பார்க்கக் கூடாது' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால், யாருக்கு ஆட்சேபம் என்ற கேள்வி உடனே வரும்.

இன்னொன்று, இரவல் பதிவேடு. யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப் போனார் என்பது புத்தகம் திரும்பி வருவதற்கான குறிப்பு. அதை யாருக்கும் காட்டுவதற்கான பட்டியலாக ஆக்கக் கூடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. கலப்புத் திருமணம் பற்றியோ, பாலியல் நலம் பற்றியோ ஒரு பெண் புத்தகம் எடுத்தது, மறுநாள் தெருவில் பேச்சானால், அவர் திரும்ப நூலகம் வருவாரா?

வாசகர் என்ன செய்யலாம்?

புதுச்சேரியில் அரசு நூலகங்கள் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் வருகின்றன. 2006-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட கொம்யூன் பஞ்சாயத்துகளின் காலம் 2011-ல் முடிந்தது. அதன் பிறகு நீண்ட காலமாக உள்ளாட்சித் தேர்தல் இல்லாததால், இப்படிப்பட்ட விஷயத்தை உள்ளூரில் பேசும் மன்றமும் இல்லாமல் போனது. எனவே துறையிடம் நேராக எழுதிக் கேட்பதுதான் வழி.

முதலில், வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். இந்த நூல் பட்டியலில் இருக்கிறதா, அலமாரியில் ஏன் இல்லை, எந்த உத்தரவின்படி எடுக்கப்பட்டது? பதில் வராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ரூ.10 கட்டணத்தில் மனு போடலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் துறைக்குள்ளேயே முதல் மேல்முறையீடு, அதற்கும் மேல் டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையம். புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் அந்த ஆணையத்தின் வரம்பில் வருகிறது.

புத்தகத்தை எதிர்ப்பவருக்கும் உரிமை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. அவருடைய மனம் புண்பட்டது உண்மையாகவே இருக்கலாம். அவர் நூலகத்துக்குப் புகார் எழுதலாம், மறுப்பு எழுதலாம், மறுத்து எழுதிய நூலையும் வாங்கி வைக்கச் சொல்லலாம். அப்படிப் புகார் வந்தால் என்ன செய்வது என்பதைத் துறை முன்கூட்டியே எழுதி வைத்தால் நூலகருக்கும் நிம்மதி. அமெரிக்க நூலகங்களில் பல இதற்கென்று ஒரு படிவம் வைத்திருக்கின்றன. புத்தகத்தை முழுதாகப் படித்தீர்களா, எந்தப் பக்கத்தில் என்ன ஆட்சேபம் என்று அதில் கேட்பார்கள். ஒரு குழு படித்துப் பார்த்து முடிவு சொல்லும். முடிவு வரும்வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நூலகச் சங்கத்தின் அறிவுரை.

அப்படி ஒரு படிவம் அந்த மேசையில் இருந்திருந்தால், நூலகர் சொல்வதற்கு ஒரு வார்த்தை இருந்திருக்கும். "உக்காருங்கய்யா, தண்ணி குடிங்க. உங்க ஆட்சேபத்தை இதுல எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். பதில் வர்ற வரைக்கும் புக்கு அதே எடத்துலதான் இருக்கும். அதை எடுக்கற அதிகாரம் எனக்குக் கிடையாது."